சீன அரண்மனையில் கண் விழிக்கும் மாணவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும் ஒருவர் விபத்தில் சிக்கியோ நூலகத்தில் கண்ணயர்ந்தோ பழைய சீன அரண்மனையொன்றில் கண் விழிக்கிறார் என்னும் கதைக்கரு இன்று தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. மொழிமாற்றுத் தொடர்களாகவும், தமிழிலேயே எழுதப்படும் இணையத் தொடர்கதைகளாகவும் அது வந்துகொண்டேயிருக்கிறது. அப்படிக் கண் விழித்தவருக்கு உண்மையான அரண்மனையில் என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்பவர்களுக்காகவும், அத்தகைய கதையை எழுத முனைபவர்களுக்காகவும் இவ்விடைகள் தொகுக்கப்பட்டுள்ளன. கதைகளில் அந்த அரண்மனை காதலும் சதியும் நடக்கும் மாளிகையாக மட்டுமே தெரிகிறது. உண்மையில் அது முதலில் ஓர் அலுவலகம். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அங்கே நிற்கவும் இடமில்லை.

இங்கே பேசப்படுவது எந்தக் காலத்து அரண்மனை?

இவ்வகைக் கதைகள் பெரிதும் விரும்பும் களம் சிங் வம்சத்துப் பேரரசர் காங்சியின் இறுதிக் காலம். அவர் 1661 முதல் 1722 வரை ஆண்டார். வளர்ந்த மகன்கள் பலர் அரியணைக்காக மோதிக்கொண்டனர். அக்காலத்து ஆவணங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே தனியாக வம்சப் பெயர் சொல்லாத இடங்களில் சிங் காலத்துப் பெய்ஜிங் அரண்மனையான விலக்கப்பட்ட நகரத்தையே குறிக்கிறோம். 1406 முதல் 1420 வரை மிங் வம்சத்தார் கட்டிய அது 72 ஹெக்டேர் பரப்பில், 10 மீட்டர் உயர மதிலும் 52 மீட்டர் அகல அகழியும் சூழ அமைந்தது. பெயரில்லாக் கற்பனை நாடுகளில் நடக்கும் கதைகள் உடையைத் தாங் வம்சத்திலிருந்தும் அந்தப்புரப் பதவிகளைச் சிங் வம்சத்திலிருந்தும் எடுத்துக் கலப்பது வழக்கம். கலப்பதில் தவறில்லை, எது எங்கிருந்து வந்தது என்று எழுதுபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சீன அரசு இத்தகைய கதைகளைத் தடை செய்துவிட்டதா?

முழுத் தடை என்று சொல்ல முடியாது. 2011-இல் வானொலி, திரைப்பட, தொலைக்காட்சி நிர்வாகத் துறை, காலப்பயணத் தொடர்கள் வரலாற்றை விளையாட்டாகக் கையாளுகின்றன என்று வெளிப்படையாகக் கண்டித்து, அவற்றை ஊக்குவிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அதன்பின் பல தொடர்கள் ‘கனவு’, ‘எழுதப்பட்ட நாவலுக்குள் நுழைதல்’ போன்ற உத்திகளால் வரலாற்றிலிருந்து சற்று விலகிக்கொண்டன.

இன்றைய உடலோடும் உடையோடும் அப்படியே போய் விழுந்தால் முதல் நாளில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் இரண்டாம் நாள் இருக்காது. 653-ஆம் ஆண்டுத் தாங் சட்டத்தொகுப்பு இதைப் படிப்படியாகவே வகுத்துவைத்திருக்கிறது. அனுமதியின்றி அரண்மனை வாயிலுக்குள் நுழைந்தவருக்கு இரண்டாண்டு கட்டாய உழைப்பு. அதற்கும் உள்ளே மண்டப வாயிலைத் தாண்டியவருக்கு இரண்டரையாண்டு. பேரரசரின் உள்ளிருப்பிடம் வரை சென்றவருக்குக் கழுத்தை நெரித்து மரணம். பேரரசர் இருக்குமிடத்தையே அடைந்துவிட்டால் தலை துண்டிப்பு. வானத்திலிருந்து நேராக அரியணைக்கு முன்னால் விழும் கதாநாயகி, சட்டத்தின் கண்ணில், மிகக் கடுமையான பிரிவிலேயே விழுகிறாள்.

சிங் காலமும் இளகிய மனம் படைத்ததன்று. 1803-இல் சென் த என்பவர் அரண்மனையின் வட வாயிலான ஷென்வூ வாயிலருகே பேரரசர் ஜியாச்சிங்கை நோக்கிக் கத்தியோடு பாய்ந்தபோது, அவர் அணுஅணுவாக அறுத்துக் கொல்லப்பட்டதோடு அவருடைய மகன்களும் கொல்லப்பட்டனர்.

ஆண் என்றால் தலைமுடியே முதற் குற்றச்சாட்டாகிவிடும். 1645 முதல் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும் என்பது அரசாணை, மீறுவது கலகம். அதிலும் 1768-இல் போய் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். பின்னலை வெட்டி அதைக் கொண்டு உயிரைத் திருடும் மந்திரவாதிகள் நடமாடுகிறார்கள் என்ற பீதி அவ்வாண்டு சேஜியாங் பகுதியில் தொடங்கிப் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஊர் பேர் தெரியாத பிச்சைக்காரர்களும் துறவிகளும் பிடித்து வதைக்கப்பட்டனர். குட்டை முடியும், விளங்காத பேச்சும், தோளில் விந்தையான பையும் கொண்ட ஓர் இளைஞரை அந்த ஆண்டில் யாரும் விருந்தாளியாக வரவேற்றிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெண்ணொருத்தியின் உடலுக்குள் கண் விழித்தால் தப்பிக்கலாமா?

தப்பிக்கலாம், கதாசிரியர்கள் இந்த வழியை விரும்புவது காரணமில்லாமல் அன்று. சட்டத்துக்கு அவள் அந்நியள் அல்லள். ஆனால் அவள் எந்தப் பட்டியலின் வழியாக உள்ளே வந்தவள் என்பதுதான் அவளுடைய எஞ்சிய வாழ்க்கையை முடிவு செய்யும்.

சிங் அரண்மனைக்குப் பெண்கள் வருவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் இருந்தன. முதலாவது, மூன்றாண்டுக்கொரு முறை வருவாய் அமைச்சகம் நடத்திய தேர்வு. எட்டுக் கொடிகள் எனப்பட்ட படைக் குடிகளைச் சேர்ந்த அலுவலர் வீடுகளின் பெண்கள், பெரும்பாலும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள், இதில் முன்னிறுத்தப்பட வேண்டும்; முன்னிறுத்தப்படாமல் அவர்களுக்குத் திருமணம் செய்துவைக்க முடியாது. கொடிவாரியாக வண்டிகளில் வந்து இறங்கும் இப்பெண்களிலிருந்துதான் பேரரசருக்கும் இளவரசர்களுக்கும் துணைவியர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரண்டாவது, பேரரசு இல்லத் துறை ஆண்டுதோறும் தன் கீழிருந்த பணிக்குடும்பங்களிலிருந்து பணிப்பெண்களைத் தேர்ந்தெடுத்தது. சாதாரணச் சீனக் குடியானவரின் மகள் இந்த இரண்டிலும் சேரமாட்டாள். ‘கிராமத்து ஏழைப்பெண் தற்செயலாகப் பேரரசரின் கண்ணில் பட்டாள்’ என்று சிங் கதையைத் தொடங்குபவர் இந்தத் தடையை எப்படித் தாண்டுவது என்று யோசித்தாக வேண்டும்.

உள்ளே போன பிறகும் எல்லாம் எண்ணிக்கைதான். பேரரசிக்கு ஆண்டுக்கு 1000 தேல் (சீன எடை அளவு) வெள்ளியும் 10 பணிப்பெண்களும். அடியில் இருக்கும் ‘தாயிங்’ நிலைத் துணைவிக்கு 30 தேல் வெள்ளியும் 2 பணிப்பெண்களும். இடையில் இருக்கும் ஒவ்வொரு படிக்கும் இப்படியே இறைச்சி, கரி, மெழுகுவத்தி வரை அளவு உண்டு. குளிர்காலத்தில் கரி போதாமல் நடுங்கும் கீழ்நிலைத் துணைவியின் காட்சி தொடர்களில் வரும்போது, அது மிகையன்று என்று நம்பலாம்.

இன்னொரு சிறு விவரம்: கொடிக் குடிப் பெண்கள் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் ஒவ்வொரு காதிலும் மூன்று துளையிட்டு மூன்று தொங்கட்டான் அணிந்தனர். நடுவில் மட்டும் உயர்ந்த மரக்கட்டை பொருத்திய காலணியில் நடந்தனர். கண் விழித்த மாணவி எழுந்து நான்கடி வைத்ததுமே, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்திலிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மாணவன் என்றால்?

வழிகள் குறைவு. உள் அரண்மனையில் நிலையாகப் பணியாற்றிய ஆண்கள், ஆண்மை நீக்கப்பட்டவர்களான அண்ணகர்களே. அவர்களும் மிங் காலத்தில் பெற்றிருந்த செல்வாக்கைச் சிங் காலத்தில் பெறவில்லை. அரசியலில் தலையிடும் அண்ணகருக்கு மரணம் என்று எழுதிய இரும்புப் பலகையை 1655-இலேயே நிறுத்திவிட்டார்கள். அது வெறும் எழுத்தன்று என்பதற்குச் சான்று, தலைநகரைவிட்டு வெளியே போன அன் தஹாய் என்னும் செல்வாக்குள்ள அண்ணகர் 1869-இல் ஷாண்டொங் மாகாணத்தில் தலை துண்டிக்கப்பட்டதாகும்.

மற்றொரு வழி அரசுப் பணித் தேர்வு. போட்டித் தேர்வுக்குப் படித்துப் பழகிய நம் மாணவர்கள் இதில் தேறிவிடலாம் என்று எண்ணக்கூடும். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய செவ்வியல் நூல்கள் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்டவை; விடை எழுதும் கட்டுரைக்கு எட்டு உறுப்புகள் கொண்ட இறுகிய வடிவம் உண்டு. மாவட்டம், மாகாணம், தலைநகர் என்று ஏறி வந்து பேரரசர் பெயரில் நடக்கும் அரண்மனைத் தேர்வை எட்டுவதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. இவற்றோடு, தேர்வெழுதுபவரின் மூன்று தலைமுறை விவரமும் ஊரும் பதிவில் இருக்க வேண்டும். மறுபடியும் பதிவேடு.

இன்றைய சீன மொழி தெரிந்தால் சமாளிக்க முடியுமா?

பேச்சில் ஓரளவுக்கு, 18-ஆம் நூற்றாண்டுப் பெய்ஜிங்கில் இன்றைய மாண்டரின் பேச்சு விளங்கியிருக்கும். தாங் காலத்துத் தலைநகரான சாங்கானில் விளங்கியிருக்காது. எழுத்தில் சிக்கல் பெரிது: சுருக்க எழுத்துகள் 1956-க்குப் பின் வந்தவை, அவற்றை மட்டும் படித்தவர் தூரிகை பிடித்து எழுதினால் பிழையும் கொச்சையும் மலிந்த கையெழுத்தாகவே தெரியும். மேலும் சிங் அரசவையில் ஆளும் குடும்பத்தின் மொழியான மஞ்சூவும் புழங்கியது.

எழுத்தில் இன்னொரு கண்ணி, பெயர் விலக்கு. ஆளும் பேரரசரின் இயற்பெயரிலுள்ள எழுத்துகளை எழுதக் கூடாது. காங்சியின் இயற்பெயர் சுவான்யே என்பதால், அரண்மனையின் வட வாயிலான சுவான்வூ வாயிலே ஷென்வூ வாயில் என்று பெயர் மாறியது. வாங் சிஹோ என்னும் அறிஞர், எந்தெந்த எழுத்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று விளக்குவதற்காகத் தம் அகராதியில் பேரரசர்களின் பெயர்களை முழுதாக அச்சிட்டார். அதற்காக 1777-இல் மரண தண்டனை பெற்றார். விதியைக் கற்பிக்கப் போனவருக்கே இந்தக் கதி.

அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பது பெரிய வலிமை அல்லவா?

இதுதான் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. இக்கதைகள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். வரலாறு படித்த மாணவிக்கு, காங்சிக்குப் பின் நான்காம் இளவரசர்தான் யோங்செங் பேரரசராக வருவார் என்று தெரியும். அதை யாரிடம் சொல்வது?

காங்சியின் 47-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1708-இல், நடந்ததைப் பார்க்கலாம். அவ்வாண்டு பட்டத்து இளவரசர் பதவி நீக்கப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில் ஜாங் மிங்த என்னும் முகக்குறி சோதிடர், எட்டாம் இளவரசருக்கு மிக உயர்ந்த நிலை வாய்க்கும் என்று சொல்லியிருந்தது பேரரசரின் காதுக்கு எட்டியது. பட்டத்து இளவரசரைக் கொல்லும் பேச்சும் அதனோடு சேர்ந்து வெளிவந்தது. சோதிடர் அணுஅணுவாக அறுத்துக் கொல்லப்பட்டார். எட்டாம் இளவரசரின் பட்டம் பறிக்கப்பட்டது. அதே ஆண்டில், மங்கோலிய லாமா ஒருவரைக் கொண்டு பட்டத்து இளவரசருக்குச் சூனியம் வைத்ததாக மூத்த இளவரசர் சிறை வைக்கப்பட்டார். பட்டத்து இளவரசர் 1709-இல் மீண்டும் அமர்த்தப்பட்டு, 1712-இல் மீண்டும் நீக்கப்பட்டார்.

இந்த மூன்று நான்கு ஆண்டுகளில் யாருடைய எதிர்காலத்தைச் சொன்னாலும் அது ஒரு கட்சியில் சேர்வதாகும். வாக்கு பொய்த்தால் மோசடி, பலித்தால் சதி. பிற்காலத்தை முன்னறிவிப்பதாகச் சொல்லி மக்களைக் கலக்குவதைச் சிங் சட்டமும் மரண தண்டனைக்குரியதாகவே வைத்திருந்தது. ஆகவே எதிர்காலம் தெரிந்த மாணவிக்கு அந்த அறிவின் ஒரே பயன், எந்த வீட்டு விருந்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதுதான். எழுதுபவர்களுக்கு அதுவே நல்ல கதை என்று நமக்குத் தோன்றுகிறது.

அறிவியல் அறிவாவது உதவாதா?

உதவும், ஆனால் தனியாக உதவாது. இதற்கு உண்மையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. வேறோர் உலகத்தின் கணிதத்தோடு சீன அரசவைக்கு வந்து சேர்ந்தவர்கள் இயேசு சபைத் துறவிகள். அவர்களில் ஆதாம் ஷால் வானியல் துறைத் தலைவராகவே உயர்ந்தார். 1664-இல் யாங் குவாங்சியன் என்பவர், ஷாலின் பஞ்சாங்கம் தவறானது என்றும், குழந்தை இளவரசரின் அடக்கத்துக்குத் தீய நாள் குறிக்கப்பட்டது என்றும் குற்றம் சாட்டினார். ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1665-இல் பெய்ஜிங்கில் நிலநடுக்கம் வந்ததால் அது வானத்தின் சினம் என்று கருதி அவரை விடுவித்தனர். ஆனால் அவரோடு பணியாற்றிய சீன வானியலர் ஐவரின் தலைகள் துண்டிக்கப்பட்டன. கணக்கு சரியா என்று அந்த வழக்கில் யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை.

பார்த்தவர் இளைஞர் காங்சி. 1668 டிசம்பரில் நட்டுவைத்த கோலின் நண்பகல் நிழல் எந்தக் கோட்டில் விழும் என்று முன்கூட்டியே சொல்லும்படி இரு தரப்பையும் பணித்தார். இயேசு சபைத் துறவி ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் சொன்ன கோட்டில் நிழல் விழுந்தது. மறுதரப்பால் கணித்துச் சொல்லவே முடியவில்லை. 1669-இல் வானியல் பொறுப்பு வெர்பீஸ்டின் கைக்கு வந்தது. பேரரசரும் அவரிடம் கணிதம் கற்கலானார். அதே கணிதம், நான்காண்டு இடைவெளியில் ஒருமுறை கொலைக்களம், ஒருமுறை பதவி. இடையில் மாறியது அரியணைக்குப் பின்னாலிருந்த அதிகாரம் மட்டுமே.

மருத்துவமும் அப்படியே. 1693-இல் காங்சிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது பிரெஞ்சுத் துறவிகள் சின்கோனா மரப்பட்டை மருந்தைக் கொடுத்தனர். முதலில் வேறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பிறகு உயர் அலுவலர் நால்வர் குடித்துக் காட்டினர். அதன் பின்னரே பேரரசர் அருந்தினார். பேரரசரின் மருந்தைத் தவறாகக் கலப்பது மன்னிப்பில்லாப் பெருங்குற்றங்களில் ஒன்று என்பதை, மாத்திரைப் பட்டையை நீட்டும் கதாநாயகி நினைவில் வைக்க வேண்டும்.

கைக்கடிகாரத்தையோ விளக்கையோ காட்டி வியக்கவைக்கலாம் என்பவர்களுக்கு: மத்தேயோ ரிச்சி 1601-லேயே மணியடிக்கும் கடிகாரங்களை அரண்மனைக்குக் கொடுத்துவிட்டார். சிங் பேரரசர்கள் கடிகாரங்களைக் குவித்துவைத்திருந்தனர். அவற்றைப் பழுதுபார்க்கத் தனிப் பட்டறையே இயங்கியது.

நோய் வந்தால்?

உடலோடு போனவருக்கு முதல் ஆபத்து பெரியம்மை. காங்சியின் தந்தை 1661-இல் அதனால்தான் இறந்தார். காங்சி அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, சிறுவயதிலேயே அம்மை கண்டு பிழைத்தவர் என்பது முக்கியக் காரணம். பிற்காலத்தில் அவர், அம்மைப் பொருக்கின் பொடியை மூக்கில் ஊதும் சீன முறையைத் தம் குடும்பத்தில் பின்பற்றச் செய்தார். உலகில் பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டதால் இன்றைய மாணவர் யாருக்கும் அந்தத் தடுப்பூசி போடப்பட்டிருக்காது. அரண்மனையிலேயே மிகவும் பாதுகாப்பற்ற உடல் நம்முடைய மாணவரின் உடல்தான்.

சாப்பாடும் அன்றாட வசதிகளும் எப்படி இருக்கும்?

நாளுக்கு இரண்டு முதன்மை உணவு. காலையில் ஒன்று, நண்பகலை ஒட்டி ஒன்று. மாலையில் சிற்றுணவு. பேரரசரின் ஒவ்வொரு வேளை உணவும், அதைச் சமைத்தவர் பெயரோடு எழுதிவைக்கப்பட்டது. ச்சியன்லோங் பேரரசர் விரும்பிய சூச்சௌ சமையல்காரர் ஜாங் துங்குவானின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது அப்பட்டியல்களால்தான்.

தாங், சொங் காலக் கதைகளில் காரசாரமான மிளகாய்க் குழம்பு வரக் கூடாது. மிளகாய் சீனாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். காரத்துக்கு மிளகு உண்டு, அது கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. 777-இல் தாங் அமைச்சர் யுவான் ட்சாய் மரண தண்டனை பெற்று அவர் சொத்துகள் பறிமுதலானபோது, வீட்டில் 800 ‘ஷி’ அளவு மிளகு இருந்தது ஊழலுக்குச் சான்றாகப் பதிவாகியது.

விலக்கப்பட்ட நகரத்தில் கட்டப்பட்ட கழிப்பறைகள் இல்லை. சாம்பல் பரப்பிய கலங்களே. தளத்துக்கு அடியில் சூட்டுக் குழாய்கள் ஓடியதால் முக்கிய அறைகள் குளிர்காலத்தில் கதகதப்பாக இருந்தன.

துணைவியரைப் போர்வையில் சுற்றிப் பேரரசரின் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள் என்பது உண்மையா?

அது சிங் வம்சத்தின் இறுதியிலும் அதற்குப் பின்னும் எழுதப்பட்ட வம்புக் கதைத் தொகுப்புகளிலிருந்து வருவது. உணவு வேளையில் பெயர்ச் சீட்டுகளைத் தட்டில் வைத்துக் காட்டி, பேரரசர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற வழக்கத்தைத் தாராளமாக எழுதலாம்.

தமிழில் பேசினால் அந்த அரசவையில் யாருக்காவது விளங்குமா?

சிங் அரண்மனையில் வாய்ப்பில்லை. ஆனால் சொங் வம்சத்துத் தலைநகரான கைஃபெங்குக்குப் போனால் சரியான ஆண்டைப் பிடிக்கலாம். 1015-இல் இராசராசனின் பெயரால் சென்ற சோழத் தூதுக்குழு அங்கே வந்து சேர்ந்தது. நாட்டைவிட்டுப் புறப்பட்டு 1150 நாள்களில் குவாங்சௌவை அடைந்ததாகச் சீன வரலாறு குறிக்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1077-இல், 27 பேர் கொண்ட குழு சென்றபோது தூதர்கள் படியேறி மண்டியிட்டு முத்துகளையும் கர்ப்பூரத்தையும் அரியணைக்கு முன் தூவினர். நம் மாணவி தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்கும் காட்சியைத் தமிழில் எழுதுபவர்கள் ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது.

யுவான் காலத்துக் குவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலும் இருந்தன. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும், மிங் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையின் காலி நகரில் நிறுத்திய கல்லில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் உள்ளது.

வம்சத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் எதைச் சொல்வது?

எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தாங். ஷாங்குவான் வான்அர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய பாட்டனார் மரண தண்டனை பெற, தாயோடு அரண்மனை அடிமைகள் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 14 வயதளவில் பேரரசி வூ சதியனின் கண்ணில் பட்டு, பிற்காலத்தில் அரசாணைகளை வரைந்து கொடுப்பவராக உயர்ந்தார். 710-இல் அரண்மனைப் புரட்சியில் கொல்லப்பட்டார். அவர் கல்லறை 2013-இல் கண்டெடுக்கப்பட்டது. ஏற்றமும் முடிவும் இரண்டுமே தாங் அரசவையின் இயல்பு. மிங் வம்சத்தை, குறிப்பாக ஜியாஜிங் பேரரசரின் காலத்தைத் தவிர்ப்பது நலம்: 1542-இல் கொடுமை பொறுக்காத பணிப்பெண்கள் அவர் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தனர், முடிச்சு தவறாக விழுந்ததால் கயிறு இறுகவில்லை, அவர் பிழைத்தார், அவர்கள் பிழைக்கவில்லை.

வீடு திரும்ப வழி கிடைக்காவிட்டால், அரண்மனையை விட்டாவது வெளியேற முடியுமா?

துணைவி நிலைக்கு உயர்ந்துவிட்டால் முடியாது. பேரரசர் இறந்த பின்னும் அவள் உள்ளேதான் இருப்பாள். பணிப்பெண்ணாகவே இருந்தால் முடியும். காங்சி காலத்தில் 30 என்றிருந்த விடுவிப்பு வயதை யோங்செங் 25 ஆகக் குறைத்தார். வெளியே போனவள் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் நலம் விசாரிக்கக்கூட மீண்டும் உள்ளே வரக் கூடாது, உள்ளே கண்டதை வெளியே பேசவும் கூடாது. 25 வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. நோயாளி என்றோ வேலையில் மந்தம் என்றோ கருதப்பட்ட பணிப்பெண்கள் இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்தக் காரணமும் பேரரசு இல்லத் துறையின் ஏட்டில் எழுதப்பட்டது. உயர்ந்த மரக்கட்டைக் காலணியில் தடுமாறி, தூரிகையைப் பிடிக்கத் தெரியாமல், தேநீரை யாருக்கு முதலில் நீட்டுவது என்று விழிக்கும் இருபத்தோராம் நூற்றாண்டு மாணவிக்கு, ‘மந்தம்’ என்ற அந்த ஒரு சொல்லைத் தன் பெயருக்கு நேரே எழுதவைப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்காது.